எடை ஏறலாமா?

குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை. வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூடுபனி. உள்ளே டீயும் வர்க்கியுமாக நானும், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவும்.

"குத்துச்சண்டையில சாம்பியன் ஆனவன் எதுக்குடா அடுத்த எடைப்பிரிவுக்கு ஏறணும்? இருக்கிற பெல்ட்டைக் காப்பாத்தினா போதாதா?"

எனக்கு ஒப்பவில்லை. மேரி கோம் 2010-ல் 48 கிலோவில் உலக சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த குறைந்தபட்ச பிரிவே 51 கிலோ. வேறு வழியில்லை, ஏறினார். தன்னைவிட உயரமானவர்களோடு மோதி வெண்கலம் வாங்கி வந்தார். பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றவர். 2025 செப்டம்பரில் அமெரிக்க வீரர் கிராஃபோர்ட் இரண்டு பிரிவு தாண்டிப் போய், 168 பவுண்டில் மெக்சிகோ சாம்பியன் கனேலோவையே வென்றார். அதே கனேலோ 2022-ல் 175 பவுண்டுக்கு ஏறி ரஷ்ய வீரர் பிவோலிடம் தோற்றதும் உண்மைதான், அதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

"ராய் ஜோன்ஸ்?" என்றார் சட்டென்று.

வகையாக மாட்டினேன். 2003-ல் உச்ச எடைப்பிரிவான ஹெவிவெயிட்டில் பட்டம் வென்றவர், சேர்த்த சதையைக் கரைத்து மறுபடி 175 பவுண்டுக்கு இறங்கினார். 2004-ல் எதிராளி டார்வரின் ஒரே இடது கைக் குத்தில், இரண்டாவது ரவுண்டிலேயே சாய்ந்தார். ஆனால் அது ஏறியதன் வினையா, இறங்கியதன் வினையா பெரியப்பா?

பதில் இல்லை. நாலாவது வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.