வைட்டமின் டி: 9-லிருந்து 34-க்கு வந்த கதை

"வைட்டமின் டி கம்மியா இருக்கு, வாரம் ஒரு மாத்திரை போடுங்க." பலருக்கு இந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எனக்கு வாய்த்த மருத்துவர் ஒவ்வொரு படியிலும் ஏன், எதற்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். இதே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களுக்கு அது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது வெறும் அசதி இல்லை. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. படி ஏறினால் தொடை கனத்தது. இடுப்பிலும் கீழ்முதுகிலும் இன்ன இடம் என்று தொட்டுக் காட்ட முடியாத ஒரு வலி. மருத்துவர் முதலில் கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். உடம்பை முன்னால் தள்ளித்தான் எழ முடிந்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். அதற்கே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழப்பதும் அழுத்தினால் எலும்பு வலிப்பதும் குறைபாடு முற்றும்போது வருகிறவை என்றார். அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அவற்றுக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. உடம்பின் கையிருப்பைச் சொல்வது அதுதான். தோலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமினைக் கல்லீரல் இந்த வடிவத்துக்கு மாற்றுகிறது. சிறுநீரகம் தேவைப்படும்போது அதிலிருந்து செயல்படும் வடிவத்தைத் தயாரிக்கிறது. அந்தக் கடைசி வடிவத்தை அளந்தால், கையிருப்பு கரைந்திருக்கும்போதுகூட அளவு சரியாக இருப்பதுபோல் காட்டிவிடலாம்.

எனக்கு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம் வந்தது. 12-க்குக் கீழே போனால் குறைபாடு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 20 இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். 20-க்கும் 30-க்கும் இடையில்தான் வாதம் எல்லாம். ஹார்மோன் மருத்துவ நிபுணர்களின் அமைப்பான எண்டோக்ரைன் சொசைட்டி 2011-ல் 30-ஐ எட்ட வேண்டும் என்றது; 2024-ல் வந்த வழிகாட்டுதலில் அந்த வரம்பைக் கைவிட்டு, ஆரோக்கியமாக இருப்பவர்கள் வழக்கமாக இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஆகவே எந்தத் தொந்தரவும் இல்லாமல் 24 என்று பார்த்துப் பதறுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

என் ரத்தத்தில் கால்சியம் சரியான அளவிலேயே இருந்தது. அது எப்படி என்று கேட்டேன். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு ஹார்மோன் கூடியிருப்பதைக் காட்டி, "எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கு" என்றார். சிகிச்சையை ஒருநாள்கூட தள்ளிப்போடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

காரணம் தேடியபோது வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, குடல் நோய், சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கட்டடத்துக்குள் வேலை, அவ்வளவுதான். ஜன்னலோரம்தானே உட்கார்கிறேன் என்றேன். தோலில் வைட்டமின் டி உருவாக வேண்டிய புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று விளக்கினார். காலை, மாலைச் சாய்ந்த வெயிலிலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் தோல் சிவக்கும்வரை நின்றால் கேடுதான். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும் என்பதால், எல்லாருக்கும் பொருந்தும் ஒரு நிமிடக் கணக்கு கிடையாது.

வாரம் 50,000 யூனிட் வீதம் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், நாளின் கனமான சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார். சீட்டில் இருக்கும் பெயரையும் ஒரு தடவை உரக்கப் படிக்க வைத்தார்: கோலிகால்சிஃபெரால், அதாவது வைட்டமின் டி3. கால்சிட்ரியால் என்ற பெயரில் வருவது வேறு; அது ஏற்கனவே செயல்படும் வடிவம், பெரும்பாலும் சிறுநீரக நோயாளிகளுக்கு எழுதுவது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போடவே கூடாது.

தொடையில் வலு முதலில் திரும்பியது. எலும்பு வலி அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. மாதக்கணக்கில் மெதுவாகத்தான் குறைந்தது. இந்த இடத்தில் மனம் தளர்ந்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனை வேறொரு ஆய்வகத்தில். அதில் 85 என்று போட்டிருந்தது. ஒன்பதிலிருந்து எண்பத்தைந்தா என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். அலகு வேறு, லிட்டருக்கு நானோமோல். 2.5-ஆல் வகுத்தால் 34. எண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். முடிந்தால் ஒரே ஆய்வகத்திலேயே எடுங்கள்.

அளவு ஏறியதும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். வாழ்க்கைமுறை மாறாவிட்டால் சில மாதங்களில் அது மறுபடி இறங்கிவிடும். எனக்கு இப்போது தினம் 1000 யூனிட். மொத்தமாக ஒரே தடவையில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும்; வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியதே தவிரக் குறையவில்லை.

கால்சியம் மாத்திரையிலும் மல்டிவைட்டமினிலும் இதே வைட்டமின் கலந்திருக்கும். எல்லா அட்டைகளையும் எடுத்துப் பரப்பி வைத்துக் கூட்டிப் பாருங்கள். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நாளுக்கு 4000 யூனிட்டைத் தாண்ட வேண்டாம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் இவை வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.