வேர்ட் பைலில் இருந்து நினைவு மலர் வரை: பாமினி படுத்தும் பாடு

திருகோணமலையில் டைப்செற்றிங்குக்கு வருகிற வேலைகளில் ஆக அவசரமானது நினைவு மலர்தான். ஒருவர் இறந்து 31ஆம் நாளுக்கு முதல் புத்தகம் கையில் இருக்க வேண்டும். ஆனால் விஷயதானம் ஒரே ஆளிடம் இருந்து வராது. மகள் கனடாவில் இருந்து போனில் யூனிகோட்டில் (தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறை) அடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மூதூரில் இருந்து பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்டில் அடித்த வேர்ட் பைலைப் பென் டிரைவில் கொடுத்துவிடுவார். அலுவலகத்து அனுதாபச் செய்தி சிங்களத்திலும் சேர்ந்து வரும். எல்லாவற்றையும் ஏ5 அளவில் 40 பக்கத்துக்குள் கொண்டுவந்து அச்சுக்குக் கொடுக்கும் வரைக்கும் எங்கெங்கே இடறும் என்பதை, வேலை நடக்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

பாமினியில் அடித்த பைலுக்குள் தமிழ் இல்லை. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அதன்மேல் பாமினி என்ற ஃபொன்ட் பெயர் ஒட்டியிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. சின்ன எஃப் அடித்தால் 'க', பெரிய எஃப் அடித்தால் 'கு'. ஃபொன்ட் பெயர் எந்த இடத்தில் கழன்றாலும் அந்த இடத்தில் தமிழ் போய்விடும். பைலைப் பக்கத்துக்குள் கொண்டுவரும்போது வரும் கரைச்சலிலும் பிரிண்டில் வரும் கரைச்சலிலும் முக்கால்வாசிக்கு இதுதான் வேர்.

"தம்பி, எழுத்தெல்லாம் இங்கிலீசா நிக்குது" என்று பைலைத் தருபவர்கள் பதறுவார்கள். பைல் பழுதில்லை, அந்தக் கொம்பியூட்டரில் ஃபொன்ட் இல்லை, அவ்வளவுதான். திரும்ப அடிக்கத் தொடங்காதீர்கள். ஃபொன்டைப் போடும்போது வலது கிளிக் செய்து 'இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்' என்பதையே தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 10, 11இல் வெறும் 'இன்ஸ்டோல்' கொடுத்தால் ஃபொன்ட் பயனாளரின் சொந்த ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பேஜ்மேக்கர் போன்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களின் ஃபொன்ட் பட்டியலில் அது வராமல் போகலாம். பாமினி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபொன்ட் பைல்கள் சுற்றுகின்றன, எழுத்தின் அகலம் சற்று வேறுபடும். அதனால் வரி உடைந்து பக்கம் தள்ளும். ஒரு மலருக்கு ஒரே ஃபொன்ட் பைலை வைத்துக்கொண்டு முடிவு வரைக்கும் அதையே பாவியுங்கள்.

வேர்ட்டின் ஓட்டோகரெக்ட் தருகிற தொல்லை சத்தமில்லாதது. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி திறந்திருந்தால் 'கடைசி' என்று தொடங்கும் வசனம் 'குடைசி' ஆகிவிடும், 'கடை' 'குடை' ஆகிவிடும். தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் இரண்டாவதைச் சின்னதாக்கும் இன்னொரு வசதி இருக்கிறது. 'குருக்கள்' பாமினியில் இரண்டு பெரிய எழுத்தோடு தொடங்குவதால் அவர் 'குரக்கள்' ஆகிவிடுவார். பைல், ஒப்ஷன்ஸ், புரூஃபிங், ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் என்று போய் இந்த இரண்டு அடையாளத்தையும் எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அடித்து வந்த பைலில் ஏற்கெனவே பிழைத்திருந்தால் தேடி மாற்றும் வழி கிடையாது. சரியான 'கு' எங்கும் இருக்கிறதே. வசனத் தொடக்கங்களை மட்டும் ஒருமுறை கண்ணால் வாசித்தால் பெரும்பாலும் பிடிபடும்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு வந்த டொக்எக்ஸ் வடிவத்தை அது அறியாது. வேர்ட்டில் ட்ராக் சேஞ்சஸ் (திருத்த அடையாளங்கள்) எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு ஆர்டிஎஃப் ஆகச் சேமித்துப் பிளேஸ் செய்யுங்கள், அதாவது பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். நோட்பேடில் ஒட்டிச் 'சுத்தமாக்கி' எடுக்கிற பழக்கம் யூனிகோட்டுக்குச் சரி. பாமினிக்கு அது விஷம். எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஃபொன்ட் பெயர் அங்கேதான் தொலைகிறது. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பிளேஸ் செய்யும்போது ஸ்டைலையும் ஃபோர்மற்றிங்கையும் நீக்கும் தெரிவும் இதே வேலையைத்தான் செய்யும்.

மறுபக்கம், கனடாவில் இருந்து வந்த யூனிகோட்டைப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறி விழும். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாமினியாக்கித்தான் கொண்டுபோக வேண்டும். எந்தத் திசையில் மாற்றினாலும், மாற்றியவுடன் மூன்று இடத்தைப் பாருங்கள். பாமினியில் கொமா விசை 'இ' தரும், சாய்கோட்டு விசை 'ஃ' தரும். அதனால் தமிழும் ஆங்கிலமும் கலந்து அடித்த பைலை மாற்றினால் ஊர்ப் பட்டியலில் 'கிண்ணியாஇ தம்பலகாமம்இ' என்று வரும், பாடசாலைப் பெயருக்கு முன்னால் உள்ள 'தி/' என்பது 'திஃ' ஆகிவிடும், ரூபாக் கணக்கிலும் ஃ முளைக்கும். மூன்றாவது, இடையில் உள்ள ஆங்கிலப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும். பாமினியை யூனிகோட்டாக்கும்போது முழுப் பைலையும் ஒன்றாக மாற்றியில் போடாமல், வேர்ட்டின் ஃபைன்ட் பெட்டியில் ஃபொன்ட் பாமினி என்று கொடுத்து அந்தப் பகுதிகளைச் சிவப்பாக்கி, சிவப்பை மட்டும் மாற்றுங்கள். எஃப்.எம். அபய போன்ற பழைய சிங்கள ஃபொன்ட்களும் இதே சாதி. அவை தமிழ் மாற்றிக்குள் அகப்பட்டால் இரண்டு மொழியிலும் இல்லாத ஒன்று வெளியே வரும்.

என் கணக்கில், பழைய பேஜ்மேக்கர் பைலின் மறுபதிப்பு என்றால் பாமினியிலேயே விட்டுவிடலாம். புது வேலையை இன்டிசைனில் யூனிகோட்டில் செய்வதே நல்லது. இன்டிசைனில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பராகிராப் பெனலின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பராகிராப் கொம்போசர்' தெரிவாகவில்லை என்று அர்த்தம். அதைப் பராகிராப் ஸ்டைலுக்குள்ளேயே வையுங்கள், பந்தி பந்தியாக மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சோதிக்க 'திருகோணமலை' என்று ஒருமுறை அடித்தால் போதும்: ரு, இரண்டு பக்கமும் குறி வரும் கோ, இடப்பக்கம் குறி வரும் லை எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

பாமினியை இன்டிசைனில் வைத்தே ஆக வேண்டும் என்றால் மொழியை 'நோ லாங்குவேஜ்' ஆக்கி ஹைபனேஷனை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அது ஆங்கிலச் சொல் என்று நினைத்து உடைக்கும். கொம்பு ஒரு வரியில், எழுத்து அடுத்த வரியில் நிற்கும். தலைப்பு ஸ்டைலில் 'ஓல் கப்ஸ்' இருந்தால் க எல்லாம் கு ஆகும். கேர்னிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான நெருக்கம்) 'ஒப்டிகல்' ஆக விட்டால் புள்ளி எழுத்தின் தலையை விட்டு விலகும். ஜஸ்டிஃபிகேஷனில் எழுத்து இடைவெளியின் மூன்று பெட்டியையும் (குறைந்தது, விரும்புவது, கூடியது) 0 ஆக்குங்கள். பேஜ்மேக்கரிலும் அப்படியே.

படங்கள் கடிதத்துக்குள் ஒட்டி வந்தால் டொக்எக்ஸின் ஒரு பிரதிக்கு ஸிப் என்று பின்பெயர் மாற்றித் திறந்து, வேர்ட் ஃபோல்டருக்குள் உள்ள மீடியாவில் இருந்து எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தின் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவில்தான் நிற்கும். 300 டிபிஐக்கு அது 135 மில்லிமீற்றர். ஏ5 முழுப் பக்கத்துக்கு 2480 வேண்டும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அடையாள அட்டை அளவிலான 45 மில்லிமீற்றர் படத்தை 600இல் ஸ்கான் செய்தால் 90 மில்லிமீற்றர் வரை பெருப்பிக்கலாம். அதையே மலரின் அட்டை முழுதும் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள். 1200இல் ஸ்கான் செய்தாலும் தாளின் துகள்தான் பெரிதாகத் தெரியும். லோகோ ஈபிஎஸ் ஆக இருந்து, பிரிண்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாதது என்றால், திரையில் காட்டும் பல்லிளித்த முன்னோட்டம்தான் தாளில் விழும். டிஃப் ஆக்கிப் போடுங்கள்.

அச்சகத்துக்குப் பேஜ்மேக்கர் பைலைக் கொடுக்கவே வேண்டாம், பிடிஎஃப் கொடுங்கள். அடோபி பிடிஎஃப் பிரிண்டருக்கு அனுப்பும்போது ஃபொன்ட் பற்றிய எச்சரிக்கை வந்து நின்றுவிட்டால், பிரிண்டர் பிரிஃபரென்ஸில் 'ரிலை ஒன் சிஸ்டம் ஃபொன்ட்ஸ் ஒன்லி' என்ற அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் ஆனதும் அக்ரோபற்றில் கன்ட்ரோலும் டியும் அழுத்தி, ஃபொன்ட்ஸ் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரே 'எம்பெடட் சப்செட்' (ஃபொன்ட் பைலுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இல்லாவிட்டாலும் அச்சுப் பிளேட்டில் ஆங்கில எழுத்து ஏறலாம், பிளேட் காசு உங்களுடையது. எழுத்தை அவுட்லைன் (திருத்த முடியாத வெறும் வடிவம்) ஆக்குவது அட்டைக்குச் சரி. உள்பக்கத்துக்கு வேண்டாம், கடைசி நேரத்தில் திதி திருத்தச் சொல்வார்கள்.

கறுப்பு எழுத்து 100 வீதம் கே (கறுப்பு மை) மட்டும் ஆக இருக்கட்டும். வேர்ட்டில் இருந்து ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) கறுப்பாக வந்தது நான்கு பிளேட்டிலும் பிரிந்தால், சிறிய எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும்.

கடையிலேயே லேசரில் அடிப்பதென்றால் பக்கம் நான்கால் பிரிபட வேண்டும். இன்டிசைனில் 'பிரிண்ட் புக்லெட்', பேஜ்மேக்கரில் 'பில்ட் புக்லெட்'. ஸ்கேல் 100 வீதம், இருபக்கத்துக்கு 'ஃபிலிப் ஒன் ஷோர்ட் எட்ஜ்'. நீளப் பக்கத்தில் புரட்டினால் பின்பக்கம் தலைகீழாகும். திரையில் தமிழ் சரியாக இருந்து தாளில் மட்டும் குழம்பினால், பிரிண்டர் தன்னுடைய ஃபொன்டைப் போட்டு மாற்றுகிறது. அட்வான்ஸ்டில் ட்ரூடைப்பை 'டவுன்லோட் அஸ் சொஃப்ட்ஃபொன்ட்' ஆக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிடிஎஃபை 'பிரிண்ட் அஸ் இமேஜ்' கொடுத்து அடியுங்கள், மெதுவாகத்தான் வரும். நவம்பர், டிசம்பர் மழைக்குத் தாள் ஈரம் இழுத்துச் சுருளும், இரண்டாம் பக்கத்தில் சிக்கும். உறையைப் பிரித்த ரீமைத் தட்டில் இரவில் விடாதீர்கள்.