ஜாமீன் கிடைத்த பிறகும் ஜெயிலில்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீடு எனக்கு. அடிதடி வழக்கு ஒன்றில் ரிமாண்ட் ஆகி, சேலம் மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தேன். வழக்கு இன்னும் நடக்கிறது, அதை விடுங்கள்.

ஜாமீன் சீக்கிரமே கிடைத்தது. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த சொந்தம். என்னோடு இருந்த பைனான்ஸ்காரர் ஒருவர் மீது என்னுடையதைவிடப் பெரிய வழக்கு. அவருக்கு ஆர்டர் வந்த மறுநாளே வெளியே போய்விட்டார். எனக்கு அண்ணன், சித்தப்பா எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் அதே லைனில். வீடு எஸ்டேட்டுடையது. ஜாமீன்தாரர் தர வேண்டிய சொத்து மதிப்புச் சான்றுக்கு எதைக் காட்டுவது? சிறைக்கு என்னைப் பார்க்க வந்த மனைவியிடம், ஜாமீன்தாரராக ஆள் பிடித்துத் தருகிறேன் என்று கோர்ட் பக்கம் யாரோ பணம் கேட்டதாகச் சொன்னாள். போலி ஆவணம் என்று தெரிந்தால் இன்னொரு வழக்கு வரும், வேண்டாம் என்றேன். கொடுக்கப் பணமும் இல்லை.

வழி சொன்னவர் உள்ளே இருந்த ஆயுள் தண்டனைக் கைதி அண்ணன் ஒருவர். "ஆர்டர் வந்து ஏழு நாள் ஆகியும் நீ இங்கதான் இருக்கேன்னா, இலவச சட்ட உதவி தர்ற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்றது ஜெயில் சூப்பிரண்டோட பொறுப்பு தம்பி." உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அப்படி உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. 1978-இலேயே மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டதைக் கண்டித்து, அவர் தானே கையெழுத்திடும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னதும் அதே கோர்ட்தான். அந்த ஆயுள் கைதி அண்ணனுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அப்படிச் சிறைக்கு வந்த வக்கீலம்மா ஜாமீன் ஆர்டர் நகல், ரேஷன் கார்டு, என் சொந்த அண்ணனின் ஆதார் எல்லாம் வாங்கிக்கொண்டு, எங்கள் யாருக்கும் நிலமில்லை என்று தெளிவாக எழுதித் தளர்வு மனு போட்டார். சொத்துக் காட்டாமல் அண்ணன் மட்டும் கையெழுத்திட்டால் போதும் என்று ஆர்டர் ஆனது.

சரி, முடிந்தது என்று நினைத்தால் அப்புறம் கண்டிஷன். தினமும் காலையில் சேலத்தில் ஸ்டேஷன் கையெழுத்து. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு வேறு. இதற்கும் மனு போடலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் அந்த அம்மாவிடம் கேட்டேன். இப்போது திங்கட்கிழமை மட்டும்.

வீட்டில் யாராவது உள்ளே இருந்தால் இலவச சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள். ஆர்டர் நகல் கையில் இருக்கட்டும்.