எக்ஸ்ரே திரையில் அங்காயப் பொடி

அக்காவின் பிரசவத்தை முன்னிட்டு, 2024 டிசம்பரில் அம்மாவைச் சென்னையிலிருந்து அபுதாபி வழியாகச் சிகாகோவுக்கு அழைத்துச் சென்றேன். செக்-இன் பெட்டி வழியில் எங்கேனும் தங்கிவிட்டால் பிள்ளை பெற்றவளின் பத்தியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது அம்மாவின் கவலை. ஆகவே பிரசவ லேகியம், அங்காயப் பொடி, பருப்புப் பொடி, திருநெல்வேலி அல்வா, ரசம் வைக்க ஓர் ஈயச் சொம்பு ஆகிய அனைத்தும் கைப்பையில்தான் வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மடிக்கணினி, டேப்லெட், கேமரா, பவர் பேங்க், அவற்றுக்கான வயர்கள் என்று என்னுடைய பங்குக்கும் ஒரு மூட்டை இருந்தது. இவற்றில் எது விமானத்துக்குள் வரும், எது வராது என்று முந்தைய வாரம் முழுவதும் வீட்டில் வழக்காடிக்கொண்டிருந்தோம்.

முதல் வழக்கு லேகியத்தைப் பற்றியது. சர்வதேசப் பயணத்தில் திரவம், கூழ், பசை போன்றவை எதுவாயினும் 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத கொள்கலனில் இருக்க வேண்டும்; அந்தக் கொள்கலன்கள் எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, மூடித் திறக்கக்கூடிய ஒளிபுகும் பையொன்றுக்குள் அடங்க வேண்டும். லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பானப் புட்டிகளில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் வெளிப்பட்டதைத் தொடர்ந்து உலகெங்கும் பரவிய விதி இது; அண்மையில் சில விமான நிலையங்கள் தளர்த்தியிருந்தாலும், பெரும்பாலான இடங்களில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நெய்யும் வெல்லப்பாகும் சேர்த்துக் கிளறிய லேகியம், மருந்துக் கடைக்காரருக்கு எதுவாக இருந்தாலும், இந்த விதியின் கண்ணில் பசைதான். பாதி காலியான 200 மில்லி லிட்டர் டப்பாவும் செல்லாது என்பதை அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. கணக்கில் கொள்ளப்படுவது டப்பாவின் அளவே தவிர உள்ளிருக்கும் பண்டத்தின் அளவு அன்று. கடைசியில் முதல் சில நாட்களுக்குப் போதுமான லேகியம் சின்னஞ்சிறு டப்பா ஒன்றில் ஜிப் பைக்குள் ஏறியது. மிச்சமும், எண்ணெய் மிதக்கும் ஆவக்காய் ஊறுகாயும், புளிக்காய்ச்சலும் செக்-இன் பெட்டிக்குப் போயின. மிக்சி ஜாரையும் கையில் எடுத்துச் செல்லலாமே என்று அம்மா கேட்டபோது, அதன் பிளேடை நினைத்து நான் பதில் சொல்லவே இல்லை.

சென்னையில் சோதனை வரிசையில் எங்களுக்கு முன்னே கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் சிலர் நின்றிருந்தார்கள். கொச்சி விமானத்துக்குப் போகிறவர்களாக இருந்தால் உள்நாட்டு முனையத்தில் நின்றிருப்பார்கள். இவர்கள் தரிசனம் முடித்து வேலைக்குத் திரும்புகிறவர்கள் போலும். அவர்களைப் பார்த்ததும் தேங்காயின் நினைவு வந்தது. எண்ணெய் மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில் அபாயகரமான சரக்குகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ள பண்டம் அது. நெய் நிரப்பிய தேங்காய் இல்லாமல் இருமுடி இல்லை என்பதால், அவ்வாண்டு அக்டோபரில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் சபரிமலை பக்தர்கள் மட்டும் அதைக் கையோடு கொண்டுசெல்ல 2025 ஜனவரி 20 வரை விலக்கு அளித்திருந்தது. 2022-ஆம் ஆண்டுப் பருவத்திலும் இத்தகைய விலக்கு இருந்தது. தேங்காயும் எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கைச்சோதனை எல்லாவற்றையும் கடந்த பிறகே உள்ளே போகலாம் என்பது நிபந்தனை. நம்பிக்கைக்கு இடம் கொடுத்துவிட்டு, கண்காணிப்பையும் தளர்த்தாத அந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே பட்டது.

1999 டிசம்பர் காந்தகார் விமானக் கடத்தலுக்குப் பிறகு, இந்திய விமான நிலையங்களின் காவல் படிப்படியாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கிய மாற்றம் அது. மடிக்கணினியையும் டேப்லெட்டையும் பவர் பேங்கையும் தனித் தட்டுகளில் எடுத்துவைத்தேன். அவை தாண்டிப் போயின. அம்மாவின் பை மட்டும் உருளைப் பாதையிலிருந்து பக்கவாட்டுக்குத் தள்ளப்பட்டது.

சோதனை மேசையருகே இருந்த திரையை எட்டிப் பார்க்க முடிந்தது. இந்த இயந்திரங்கள் இரண்டு வெவ்வேறு ஆற்றல்களில் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, அது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை ஒப்பிட்டுப் பொருள்களுக்கு நிறம் கொடுக்கின்றன. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்களால் ஆனவை ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்கள் நீலத்திலும், இடைப்பட்டவை பச்சையிலும் தெரியும். உணவு ஆரஞ்சு, பல வெடிபொருள்களும் அதே ஆரஞ்சு. அரைக் கிலோ அல்வா, சீரான அடர்த்தியுடன், விளிம்பு தெளிந்த ஆரஞ்சுச் செங்கல்லாகத் திரையில் கிடந்தது. அதை ஏன் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம் என்றால், அதன் மணமும் பெயரும் நமக்குத் தெரியும் என்பதால்தான். அதற்குப் பக்கத்தில் ஈயச் சொம்பு, கதிர் ஊடுருவாத கருநீல உருவமாக இருந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அதன் வயிற்றுக்குள் அங்காயப் பொடிப் பொட்டலங்களை அம்மா திணித்து, துண்டால் சுற்றி வைத்திருந்தார். பரணில் பாத்திரம் அடுக்கும் சிக்கனம் அது. ஆனால், எக்ஸ்ரேக்குப் புலப்படாத ஒரு கலத்துக்குள் வேறொரு பொருள் இருப்பது எந்த அதிகாரியையும் பையைத் திறக்கத்தான் வைக்கும்.

பெண் அதிகாரி ஒருவர் துண்டை அவிழ்த்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ, மணத்தக்காளி, சுக்கு என்று அம்மா சேர்மானங்களைச் சொல்லத் தொடங்க, அவர் சிரித்தபடியே அல்வாவை உறையோடு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சிறு துணித்துண்டொன்றைக் குச்சியில் மாட்டி, பொட்டலங்களின் மேற்புறத்திலும் பையின் ஜிப் ஓரத்திலும் தேய்த்து, பக்கத்திலிருந்த கருவிக்குள் செருகினார். துணியில் ஒட்டிய நுண்துகள்களை ஆவியாக்கி, அயனிகளாக்கி, அவை நகரும் வேகத்தைக் கொண்டு வெடிபொருள் தடயத்தைக் கண்டுபிடிக்கும் கருவி அது. கையில் தடவிய கிளிசரின் கலந்த லோஷன்கூட இதில் சில வேளை பொய் எச்சரிக்கையை எழுப்புவதுண்டு. எங்களுக்கு எதுவும் ஒலிக்கவில்லை. சொம்பைக் காலியாகவும், பொட்டலங்களைத் தனியாகவும் வைத்துப் பையை மறுபடி அடுக்கினோம்.

அபுதாபியில் நிலைமை வேறு. அமெரிக்காவுக்குப் போகும் பயணிகளுக்கு அங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன்பாகவே, அமெரிக்கக் குடியேற்ற, சுங்கப் பரிசோதனை முடிந்துவிடுகிறது. 2014 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு முன்னர் இன்னொரு பாதுகாப்புச் சோதனை உண்டு. நாங்கள் போனபோது அதில் காலணியைக் கழற்ற வேண்டியிருந்தது. கைப்பேசியைவிடப் பெரிய மின்னணுக் கருவி ஒவ்வொன்றையும் தனித் தட்டில் வைக்க வேண்டியிருந்தது. சர்க்யூட் பலகையும் பேட்டரியும் நெருக்கமாக அமைந்த மடிக்கணினி, தனக்குக் கீழே உள்ளவற்றை மறைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். 2017 மார்ச்சில் அபுதாபி உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களில் மடிக்கணினியைக் கையில் கொண்டுவரவே அமெரிக்கா தடை விதித்திருந்தது; அபுதாபிக்கு அத்தடை ஜூலையில் நீங்கியது. நீங்கிய அதே மாதத்தில்தான், சிட்னியிலிருந்து அபுதாபிக்குப் புறப்படும் விமானத்தை, இறைச்சி அரைக்கும் கருவிக்குள் வெடிபொருளை மறைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட சதி அம்பலமானது.

அந்தச் சதியின் நிழல் நேராக நம் வீட்டுப் பொடி டப்பாக்களின் மேல் விழுந்தது. 2018 ஜூன் 30 முதல், வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு நேரே புறப்படும் விமானங்களில் 350 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பொடியைக் கையில் கொண்டுவந்தால் கூடுதல் சோதனை உண்டு. சந்தேகம் தீராவிட்டால் அது கேபினுக்குள் வராது. 350 மில்லி என்பது ஒரு குளிர்பான டின் அளவு. எடையைப் பற்றியே யோசித்துப் பழகிய நமக்கு இந்தக் கன அளவுக் கணக்கு சட்டென்று பிடிபடுவதில்லை. குழந்தைகளுக்கான பால் பொடிக்கு விலக்கு உண்டு. பெற்ற தாய்க்கான அங்காயப் பொடிக்கு இல்லை. இதை முன்பே அறிந்திருந்ததால் கையில் குறைவாகவே எடுத்துவந்தோம். பொடிகளைத் தெளிந்த உறைகளில் தனித் தட்டில் வைத்தபோது, அவற்றைத் திரையில் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். கருவேப்பிலையும் விதைகளும் பற்றிய கேள்விகள் அதன் பிறகு சுங்க மேசையில் வந்தன. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி கருவேப்பிலையில் தொற்றி வரும் என்ற அச்சத்தால் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அது விமானத்தின் பாதுகாப்பைப் பற்றிய விஷயம் அன்று.

உணவைப் பற்றி இவ்வளவு நேரம் செலவானாலும், எனக்கு உண்மையில் அச்சம் தரும் பண்டம் பவர் பேங்க்தான். அதைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதன் காரணத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கேபினில் புகைந்தால் பணியாளர்கள் கண்டு தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். சரக்கறையில் தீயணைக்க வைத்திருக்கும் ஹாலான் வாயுவோ, லித்தியம் பேட்டரி தன்னுள்ளேயே சூட்டைப் பெருக்கிக்கொண்டு எரிவதை நிறுத்தாது. பொதுவான வரம்பு 100 வாட் மணி. பவர் பேங்கின் 20,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வாட் மணி வரும், 27,000-ஐ நெருங்கினால் வரம்பைத் தொட்டுவிடும். எண்கள் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை எந்த அதிகாரியும் எடுத்துவைத்துவிடலாம், அதில் குறை சொல்ல இடமில்லை.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பற்றி எரிந்தது. தலைக்கு மேலுள்ள அடுக்கில் தீ தொடங்கியது; சந்தேகம் பவர் பேங்க் மீது விழுந்தது. அதையடுத்து, கொரியா மார்ச்சில் பவர் பேங்கை மேல் அடுக்கில் வைப்பதைத் தடைசெய்தது. ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கும்போது பவர் பேங்கால் சார்ஜ் செய்வதை நிறுத்தியது. அக்டோபர் முதல் எமிரேட்ஸ் ஒரு பயணிக்கு ஒன்றே ஒன்று என்று வரையறுத்தது. அடுத்த மாதம் அம்மாவை அழைத்துவர மறுபடி புறப்படுகிறேன். அம்மா கேட்ட பொடிப் பட்டியலோடு, எனக்கான பவர் பேங்க் 10,000 எம்.ஏ.எச். போதும் என்றும், அது இருக்கைக்கு எதிரே உள்ள பையில்தான் இருக்கும் என்றும் முடிவுசெய்திருக்கிறேன்.