ஈரி ஏரிக்கரைப் பனிக்காலம்

அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் அமெரிக்க நகரமான பஃபலோவின் மக்கள், நவம்பர் பிறந்துவிட்டால் வானிலை அறிக்கையில் முதலில் தேடுவது காற்றின் திசையைத்தான்; குளிர் எத்தனை பாகை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தென்மேற்குக் காற்று சுமார் 390 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியை நெடுக்காகக் கடந்து வரும்போது, அது எந்த ஊரின் மேல் கரையேறுகிறதோ அந்த ஊர் பனியில் புதைகிறது. திசை கொஞ்சம் மாறினால் பக்கத்து ஊர் புதைகிறது.

கோடையில் வாங்கிய வெப்பத்தை ஏரி அவ்வளவு எளிதில் விடுவதில்லை. அதன் மேல் கனடாவிலிருந்து உறைகுளிர்க் காற்று வீசும்போது, நீர்ப்பரப்புக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றுக்கும் இடையே 13 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால், நீராவி வேகமாக மேலெழுந்து மேகமாகிக் கரையில் பனியாகக் கொட்டுகிறது. மேலும் கீழும் காற்று ஒரே திசையில் வீசும் நாட்களில் அந்த மேகங்கள் ஒரே பட்டையாகத் திரண்டு, மணிக்கணக்கில் இடம்பெயராமல் நிற்கின்றன. சில வேளைகளில் பனிக்கு நடுவே இடியும் முழங்குகிறது.

2014 நவம்பரில் நடந்தது இதுதான். பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஐந்தடிக்கும் மேல் பனி விழுந்தபோது, வடக்கே சில அங்குலங்கள்தான் விழுந்தன. நகர மையத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு பக்கம் நீல வானமும், மறுபக்கம் மதில்போல் நிமிர்ந்து நின்ற வெள்ளை மேகமும் தெரிந்தன. தெற்கே வீட்டுக் கதவைத் திறந்தவர்கள் கண்டது, கதவின் சட்டங்களும் கைப்பிடியும் அச்சாகப் பதிந்திருந்த பனிச்சுவரை. நெடுஞ்சாலையில் சிக்கிய வண்டிகளில் பலர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் குறுகலான எல்லைதான் ஏரிப் பனியின் கொடுமை என்று நான் நினைக்கிறேன். பெரும்புயல் என்றால் எல்லோருக்கும் பொது. அலுவலகம் தானாகவே மூடப்படும். இதிலோ, வெயிலடிக்கும் ஊரில் இருக்கும் மேலாளருக்கு, இருபது நிமிடத் தொலைவில் வாசலே தெரியாமல் தவிக்கும் ஊழியரின் நிலை புரிவதில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்திலும் "இங்கே சாலை நன்றாகத்தானே இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டு, கிளம்பக்கூடாத வேளையில் கிளம்பியவர்கள் உண்டு.

2022 டிசம்பர் பனிப்புயலின்போது, பயணத் தடை வருவதற்கு முன்பே பலர் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். கண்ணுக்கு எதுவுமே தெரியாத அந்த வெண்சூறாவளியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்: சிலர் வண்டிக்குள், சிலர் வெப்பமூட்டி நின்றுபோன வீட்டுக்குள், சிலர் ஆம்புலன்ஸ் வந்து சேராமல், சிலர் பனியை வாரும்போது மாரடைப்பு வந்து. தடையை முந்தைய நாள் இரவே அறிவித்து, கூலி இழப்புக்கு அஞ்சி வெளியே போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் ஊதியத்தை உறுதிசெய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஈரி ஆழம் குறைந்த ஏரி. சராசரி ஆழம் 19 மீட்டர்தான். அது முழுவதும் உறைந்துவிட்டால் நீராவி அடைபட்டு இந்தப் பனி ஓய்ந்துவிடும், ஆழமான ஒன்டாரியோ ஏரியோ குளிர்காலம் முழுவதும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். ஆனால் உறைந்த ஏரியும் நம்பத்தக்கதல்ல: 1977 ஜனவரியில், பனிக்கட்டியின் மேல் வாரக்கணக்கில் சேர்ந்திருந்த பொடிப்பனியைச் சூறைக்காற்று அள்ளி வந்து நகரத்தின் மேல் கொட்டியது. ஈரி, ஒன்டாரியோ உள்ளிட்ட பேரேரிகளின் மேல் உறையும் பனிக்கட்டிப் பரப்பு 1970-களிலிருந்து குறைந்து வருவதால், ஏரி உறைந்துவிடும் என்று காத்திருப்பதிலும் இனிப் பெரிய பயனில்லை.

ஏரிக்கரைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெப்பமூட்டியின் புகைபோக்கிக் குழாய் வீட்டின் பக்கச் சுவரில் தரைக்குச் சற்று மேலே இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று பனிக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது மூடிக்கொண்டால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் சேரும். கொட்டும் பனியிலும் வாசலை விட்டுவிட்டு முதலில் வாரவேண்டியது அந்தக் குழாயைச் சுற்றித்தான்.