தீர்த்தன் ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்தின் விருந்தினர் இல்லம்

தில்லியிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் இமாச்சலப் பிரதேசத்தின் மணாலிக்குச் செல்லும் பேருந்துகளில் நம் ஊர்ப் பயணிகள் பலர் கடைசி நிறுத்தம் வரை செல்கிறார்கள். குலுவுக்கு முன்னரே ஔட் என்ற சிற்றூரில், சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழைவதற்கு முன் இறங்கிவிட்டால், லார்ஜி வழியாகப் பஞ்சாருக்கும் அங்கிருந்து தீர்த்தன் பள்ளத்தாக்குக்கும் சாலை பிரிகிறது. மணாலியின் நெரிசலையும் விடுதிக் கட்டணங்களையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையில் ஆற்றோரமாகத் தங்க விரும்புகிறவர்கள் இங்கேதான் இறங்க வேண்டும்.

இறங்கியவுடன் காத்திருந்த தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலைக் குளிரில் பெட்டிகளோடு நின்ற எங்களிடம் டாக்சி ஓட்டுநர் ஒருவர், தீர்த்தன் பள்ளத்தாக்கில் நாங்கள் தங்கவிருந்த குஷைனி என்ற ஊர் வரையிலான ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு 3,000 ரூபாய் கேட்டார். பேருந்தே கிடையாது என்றும் உறுதியாகச் சொன்னார். அது முழுப் பொய். பக்கத்துத் தேநீர்க் கடையில் விசாரித்தபோது, பஞ்சாருக்குப் பேருந்து வரும் நேரத்தைக் கடைக்காரரே சொன்னார். பஞ்சாரில் வண்டி மாறி குஷைனியில் இறங்கியபோது எங்கள் இருவருக்குமான மொத்தச் செலவு 200 ரூபாயைத் தொடவில்லை. ஒரு நாள் அறை வாடகைக்கு நிகரான பணத்தை விடியற்காலையிலேயே இழக்கவிருந்தோம் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஔட்டில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து அவசரப்படாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு விசாரியுங்கள்.

நாங்கள் தங்கிய வீடு ஆற்றிலிருந்து சற்று மேலே, ஆப்பிள் தோட்டத்தின் நடுவே இருக்கிறது. ஏப்ரல் மாதமாகையால் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருந்தன. வீட்டின் பழைய பகுதி, தேவதாரு மரச் சட்டங்களையும் கற்களையும் சாந்தில்லாமல் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டும் காட்குணி முறையில் எழுப்பப்பட்டது. நிலநடுக்கத்தில் சற்றே அசைந்து கொடுத்து நிற்கும் கட்டுமானம் அது. விருந்தினர் அறைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை. எளிய கட்டில், ரஜாய் எனப்படும் கனமான பஞ்சுப் போர்வை, வாளியில் வெந்நீர், இவ்வளவுதான் வசதி. தொலைக்காட்சி இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. இரவில் ஆற்றின் இரைச்சல் அறையை நிறைத்துவிடுகிறது. முதல் இரவு மழை பெய்கிறதென்றே நினைத்துக்கொண்டு படுத்திருந்தோம்.

மூன்று வேளை உணவையும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். அந்த உணவுக்காகவே இன்னும் அதிகம் கொடுத்திருப்பேன். வீட்டு மூத்தவரை எல்லோரும் அம்மாஜி என்று அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். சமையலறையின் நடுவே தந்தூர் எனப்படும் இரும்பு விறகடுப்பு எரிந்துகொண்டிருக்க, அதைச் சுற்றித் தரையில் அமர்ந்துதான் இரவு உணவு. ஒரு மாலையில் சித்து என்ற மலைநாட்டுப் பலகாரம் செய்தார்கள். புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் அரைத்த வால்நட்டும் கசகசாவும் வைத்து மூடி, நம் கொழுக்கட்டையைப் போல ஆவியில் வேகவைத்து, சுடச்சுட அறுத்து, அதன்மேல் உருக்கிய நெய்யைத் தாராளமாக ஊற்றித் தருகிறார்கள். நான் ஒன்றோடு நிறுத்த முயன்றபோது, "பேட்டா, மலை ஏற வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே அம்மாஜி அடுத்ததைத் தட்டில் வைத்தார். சொந்த வயலில் விளைந்த ராஜ்மாவும் சோறும் மறுநாள் மதியம் வந்தன. நட்சத்திர விடுதிகளின் நீண்ட உணவுப் பட்டியல்களில் எனக்கு இப்படி ஒரு நிறைவு கிடைத்ததே இல்லை.

ஆற்று நீர் பச்சை கலந்த கண்ணாடியாக ஓடுகிறது. பழுப்பு நிறச் சிறு பறவை ஒன்று பாறையிலிருந்து நேரே நீருக்குள் மூழ்கி, அடியிலேயே இரை தேடிவிட்டு வெளியே வருவதைக் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ட்ரவுட் மீனுக்குப் பெயர்பெற்ற ஆறு இது; ஆனால் மீன்வளத் துறையின் உரிமம் பெறாமல் தூண்டில் போடக் கூடாது. வீட்டுக்காரரின் மகன் இதில் கண்டிப்பானவர். உரிமமின்றித் தூண்டிலோடு வந்த விருந்தினர் ஒருவரை அவர் தடுத்ததை நேரில் பார்த்தேன். தீர்த்தனில் நீர்மின் திட்டங்கள் கூடாது என்று ஊர் மக்கள் போராடி வென்ற வரலாற்றையும் அவரே சொன்னார். பக்கத்துச் சைஞ்ச் பள்ளத்தாக்கில் அத்தகைய திட்டங்கள் வந்துவிட்டன. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த பெரும் இமயமலைத் தேசியப் பூங்காவுக்குக் குஷைனி ஒரு நுழைவாயில் என்பதால், வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குபவர்களாகவும் இங்குள்ள இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது.

இத்தனைக்கும் நடுவே, நீரோட்டத்தை ஒட்டியே எழும்பிவரும் கான்கிரீட் விடுதிகள் எனக்குக் கடும் வருத்தத்தைத் தந்தன. 2023 ஜூலையில் பெய்த பெருமழையில் குலு மாவட்டத்தின் சாலைகளும் பாலங்களும் கட்டடங்களும் அடித்துச் செல்லப்பட்டதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே ஆறு ஓட வேண்டும் என்று நாம் கேட்பதால்தான் அப்படிக் கட்டுகிறார்கள். நாலு படி இறங்கி ஆற்றுக்குப் போவதில் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடாது. முன்பதிவு செய்யும்போது வீடு நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்; ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முன்பதிவு இணையதளத்தில் இதே அறைக்கு உணவில்லாமலேயே கூடுதல் கட்டணம் காட்டியது. குடும்பத்தாரிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். உணவு, வெந்நீர், தந்தூருக்கான விறகு ஆகியவை கட்டணத்தில் சேருமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் இரவுகளில் நல்ல குளிர் உண்டு, ஆகவே கம்பளி உடைகள் வேண்டும். இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்துவிடுவதால் கைபேசியில் பணம் செலுத்துவதை நம்ப முடியாது. தேவையான ரொக்கத்தைப் பஞ்சாரிலேயே எடுத்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.