சாவைப் பற்றி அக்காவோடு சிரித்தது

கதிர்வீச்சுச் சிகிச்சையின் பின்விளைவுகளை மருத்துவர் விளக்கிக்கொண்டிருந்தார். சில பாதிப்புகள் இருபது வருடம் கழித்துக்கூட வரலாம் என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்தப் பாதிப்பு எனக்குக் கட்டாயம் வேண்டும் டாக்டர்" என்றாள். அவர் திகைத்துப்போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சாவு என்ற பேச்சையே எடுத்ததில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டு அடுத்த அறையில் போய் அழுவோம். அதை மாற்றியது அவளுடைய கேலிதான். புதிய கைப்பேசிக்கு மூன்று வருட உத்தரவாதம் என்று தெரிந்ததும், "என்னைவிட இதற்கு ஆயுசு கெட்டி" என்றாள். சிரித்து ஓய்ந்த கையோடு, "கடைசியில் வலி அதிகமானால் நீ பக்கத்தில் இருப்பாயா?" என்று கேட்டாள். சும்மா இருக்கும்போது அவள் வாயில் வந்திருக்காத கேள்வி. அன்றிரவு எல்லாவற்றையும் பேசினோம்: வலிமருந்து, செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா, பிள்ளைகளிடம் யார் சொல்வது.

நகைச்சுவை பற்றி, உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய மருத்துவர் ஃப்ராய்டு 1927இல் எழுதிய கட்டுரையை அவளுக்குப் படித்துக்காட்டினேன். திங்கட்கிழமை தூக்குமேடைக்குக் கொண்டுபோகப்படும் கைதி, இந்த வாரம் நன்றாகத் தொடங்குகிறது என்கிறான். பயந்த குழந்தையைப் பெற்றோர் தேற்றுவதுபோல, மனம் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் நேரம் அது என்கிறார் ஃப்ராய்டு. 1923இலேயே அவருக்கு வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. "அப்படியானால் தெரிந்தவர்தான் சொல்கிறார்" என்றாள் அக்கா.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப் பேசும் உரிமை முதலில் நோயாளிக்கு உரியது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் அதே தொனியில் ஏதோ சொன்னபோது, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு எந்தக் கேலியும் உதவவில்லை. எல்லோரும் சாகத்தான் போகிறோம் என்றால் காலையில் எழுந்து பல் துலக்குவது எதற்கு என்றிருந்தது. மனநல ஆலோசகரிடம் போனேன், மருந்தும் எடுத்துக்கொண்டேன். அந்த நிலையில் இருப்பவரைச் சிரிக்கச் சொல்வது கொடுமை.

பிறகொரு நாள் அக்கா பெயருக்குக் குறுஞ்செய்தி வந்தது: மறுபரிசோதனைக்குத் தவறாமல் நேரில் வரவும். பிள்ளைகளிடம் காட்டினேன். "அம்மா போய் நின்றால் டாக்டர் ஓடியே போய்விடுவார்" என்றாள் சின்னவள். மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அதுவரை அம்மாவைப் பற்றி வாயே திறக்காத பெரியவன் அன்று பேசத் தொடங்கினான்.